1.44 ஃப்ளாப்பியில் 24ஆவது டிசைன் ஏன் ஏறவில்லை? எம்பி, கேபி, செக்டர் கணக்கு

நூல்கண்டு, காரைக்குடி

வணக்கம். எம்ப்ராய்டரி யூனிட்டில் இரண்டு பழைய மெஷின். ஒன்று 1.44 எம்பி ஃப்ளாப்பி எடுக்கும், மற்றது 720 கேபி மட்டும்தான். கண்டாங்கிச் சேலைக்குத் தோதான ரவிக்கைக் கை டிசைன் ஒரு வரிசை, மொத்தம் 24. கூலி தையல் கணக்கில் என்பதால் எல்லாவற்றையும் சரியாக 20,000 தையலில் நிறுத்தியிருக்கிறது. எல்லாமே டிஎஸ்டி ஃபைல் (எம்ப்ராய்டரி மெஷின் படிக்கும் தையல் ஃபைல்), ஒவ்வொன்றும் 60,515 பைட்.

1.44 ஃப்ளாப்பிக்கு 14,74,560 பைட் என்று போட்டிருக்கிறார்கள். 60,515ஆல் வகுத்தால் 24.37 வருகிறது. 24 ஏற வேண்டும். ஆனால் 23 ஏறியதும் இடம் இல்லை என்கிறது. 720 வட்டிலும் அதே கதை: 7,37,280ஐ வகுத்தால் 12.18, ஏறுவது 11. அதனால் 1.44க்கு ஒன்றுக்கு இரண்டு வட்டு, 720க்கு இரண்டுக்கு மூன்று வட்டு என்று வைக்க வேண்டியிருக்கிறது. நடு வேலையில் வட்டு மாற்றினால் ஆள் குழம்புகிறார். கணக்கு எங்கே இடிக்கிறது?

செக்காலை ரோடு, காரைக்குடி

அக்கா, 1.44 எம்பி என்றால் 1.44 × 1024 × 1024. அதாவது 15,09,949 பைட். அப்படிப் பார்த்தால் 24.95, கிட்டத்தட்ட 25 ஏறணும். 23தான் ஏறுது என்றால் வட்டில் கெட்ட செக்டர் இருக்கு. புது வட்டு போட்டுப் பாருங்க.

பைட்கணக்கு, தேவகோட்டை

தம்பி, அந்தப் பெருக்கல் தப்பு. வட்டு கெட்டதும் இல்லை. இரண்டு வட்டிலும் கணக்குச் சுத்தமாக ஒத்துப்போகிறது.

முதலில் 1.44 என்ற எண். ஒரு பக்கத்துக்கு 80 ட்ராக் (வட்ட வரி), பக்கம் இரண்டு, ட்ராக்குக்கு 18 செக்டர் (வரியின் ஒரு துண்டு), செக்டருக்கு 512 பைட். 80 × 2 × 18 = 2880 செக்டர். 2880 × 512 = 14,74,560 பைட். இதை 1024ஆல் வகுத்தால் 1440 கேபி. அந்த 1440ஐ 1000ஆல் வகுத்து 1.44 எம்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு படி 1024, அடுத்த படி 1000. அதனால் ஃப்ளாப்பியின் 'எம்பி' 10,24,000 பைட். அது ஹார்ட் டிஸ்க் டப்பாவில் போடும் 10,00,000மும் இல்லை, விண்டோஸ் காட்டும் 10,48,576உம் இல்லை. ஒழுங்கான அளவில் சொன்னால் 1.47 எம்பி, அல்லது 1.406 மெபிபைட் (மெபிபைட் என்பது அந்த 10,48,576 பைட்). இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1998 டிசம்பரில் கிபி, மெபி என்ற பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி கொண்டுவந்தது. அதற்குள் 1.44 என்ற பெயர் உலகம் பூராவும் லேபிளில் ஒட்டியாகிவிட்டது.

ஊருக்கு ஊர் மரக்கால் மாறிய காலத்தில் நெல் அளந்தவர் முதலில் கேட்டது 'எந்த மரக்கால்?' என்றுதான். இங்கேயும் அதே கேள்வியை முதலில் கேளுங்கள். அல்லது, நான் சொல்வது, எம்பியை விட்டுவிட்டுச் செக்டரை எண்ணுங்கள்.

இரண்டாவது, அந்த 2880இல் எல்லாம் நம் கைக்கு வராது. டாஸ் ஃபார்மட் செய்த வட்டில் முதல் செக்டர் பூட் செக்டர். அடுத்து எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபாட் அட்டவணை 9 செக்டர், அதன் நகல் இன்னொரு 9. பிறகு ஃபைல் பெயர்ப் பட்டியலான ரூட் டைரக்டரி 14 செக்டர். 1 + 18 + 14 = 33. மிச்சம் 2847 செக்டர், 14,57,664 பைட். காலி வட்டில் விண்டோஸ் காட்டும் எண் இதுதான்.

இப்போது 14,57,664ஐ 60,515ஆல் வகுங்கள். 24.09. இன்னமும் 24 ஏற வேண்டும்! இங்கேதான் பலரும் நின்றுவிட்டு வட்டைத் திட்டுவார்கள்.

மூன்றாவது படிதான் உங்கள் வழக்கைத் தீர்ப்பது. ஃபைலுக்கு இடம் பைட் பைட்டாகக் கிடைக்காது, க்ளஸ்டர் க்ளஸ்டராகத்தான் கிடைக்கும். 1.44இல் ஒரு க்ளஸ்டர் ஒரு செக்டர், 512 பைட். 60,515ஐ 512ஆல் வகுத்தால் 118.19. அந்த 0.19க்காக ஒரு முழு செக்டர் போகும். ஆக 119. ஆத்தங்குடிக் கல் பாவுகிற மாதிரி: அறையின் ஓரத்தில் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தாலும் ஒரு கல்லை வெட்டித்தான் போட வேண்டும், வெட்டிய மீதிக் கல் கணக்கில் போனதுதான்.

119 × 24 = 2856. இருப்பது 2847. ஒன்பது செக்டர் குறைகிறது. அதனால் 23.

720 வட்டுக்கு இதே வழி. மொத்தம் 1440 செக்டர். பூட் 1, ஃபாட் 3 + 3, ரூட் 7, ஆக 14 போய் 1426. அங்கே க்ளஸ்டர் இரண்டு செக்டர், 1024 பைட். எனவே 713 க்ளஸ்டர். உங்கள் ஃபைல் 59.1 க்ளஸ்டர், அதாவது 60. 60 × 12 = 720, இருப்பது 713. ஏழு குறைகிறது. அதனால் 11.

இப்போது நல்ல செய்தி. 118 செக்டர் என்றால் 60,416 பைட். உங்கள் ஃபைல் அதைவிட 99 பைட்தான் அதிகம். டிஎஸ்டியில் ஒரு தையலுக்கு 3 பைட். 99 பைட் என்றால் 33 தையல். ஒவ்வொரு டிசைனிலும் 33 தையல் குறைந்தால் ஃபைல் 118 செக்டருக்குள் வந்துவிடும். 118 × 24 = 2832. ஏறும், 15 செக்டர் மீதியும் இருக்கும். 720இலும் 59 க்ளஸ்டருக்கு இறங்கும், 59 × 12 = 708, ஐந்து க்ளஸ்டர் மீதி. ஒரே வெட்டில் இரண்டு மெஷினும் தீர்ந்தது.

செக்காலை ரோடு

அண்ணே, 1024ஐ இரண்டு தடவை பெருக்கினது என் தப்புதான். ஆனால் ஒன்று புரியலை. விண்டோஸில் அந்த ஃபைலின் பண்புகளைத் திறந்தால் 'வட்டில் உள்ள அளவு' என்று 61,440 காட்டுது. அதை வகுத்தால் போதாதா?

பைட்கணக்கு

போதாது. அது ஹார்ட் டிஸ்க்கின் க்ளஸ்டரில் அளந்த எண். அங்கே க்ளஸ்டர் பெரும்பாலும் 4096 பைட், 15 × 4096 = 61,440. அதை 512ஆல் வகுத்தால் 120 வரும், 119 அல்ல. மேல் வரியில் இருக்கும் உண்மை அளவை எடுத்து, போகப்போகும் வட்டின் க்ளஸ்டரால் வகுத்து, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக மேலே முழுமையாக்கி, அப்புறம் கூட்டுங்கள். கூட்டிவிட்டு வகுப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

ஊசிமுனை, பள்ளத்தூர்

33 தையலை எங்கே குறைப்பது என்பதை நான் சொல்கிறேன் அக்கா. டிசைன் முகம் மாறாமல் குறைக்கலாம்.

டிஎஸ்டி ஃபைல் இப்படித்தான் அமைந்திருக்கும்: முன்னால் 512 பைட் தலைப்பு, பிறகு தையலுக்கு மூன்று மூன்று பைட், முடிவில் 3 பைட் நிறுத்தக் குறி. ஆகவே தையல் × 3 + 515. உங்கள் 20,000க்கு 60,515 சரியாக வருகிறது பாருங்கள். இதில் 'தையல்' என்பது ஊசி இறங்குவது மட்டுமில்லை. ஜம்ப் (தைக்காமல் தாவுவது) ஒரு பதிவு, நிறம் மாற்ற நிறுத்துவது ஒரு பதிவு. ஒரு பதிவில் அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர்தான் நகர முடியும். அதனால் 25 மில்லிமீட்டர் தாண்ட வேண்டுமானால் மூன்று பதிவு போகும்.

குறைக்க வேண்டிய இடம் அதுதான். மாங்காய் ஒன்றை முடித்துவிட்டு மறுகோடிக்குத் தாவி, திரும்பப் பக்கத்து மாங்காய்க்கு வரும் வரிசை இருந்தால், வரிசையை மாற்றினாலே இருபது முப்பது பதிவு விழும். இரண்டாவது, 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த குட்டித் தையலை வடிகட்டும் வசதி டிஜிட்டைசிங் சாஃப்ட்வேரில் இருக்கும், அதைப் போடுங்கள். அந்தத் தையல்கள் நூலை அறுப்பதைத் தவிர வேறு உபகாரம் செய்வதில்லை.

தொடக் கூடாதது: நூல் வெட்டுக்கு முன்னால் வரும் தொடர் ஜம்ப்கள். இத்தனை ஜம்ப் தொடர்ந்து வந்தால் வெட்டு என்று மெஷினில் செட்டிங் இருக்கும். அதில் ஒன்றை எடுத்தால் நூல் வெட்டாமல் துணி மேல் இழுத்துக்கொண்டு போகும். நூல் முனையைப் பூட்டும் கட்டுத் தையலையும் எடுக்காதீர்கள், முதல் சலவையில் பிரிந்துவிடும்.

பைட் எடிட்டரில் ஃபைலைத் திறந்து வெட்டும் வேலையும் வேண்டாம். தலைப்பில் தையல் எண்ணிக்கையும் அகல நீளமும் எழுதியிருக்கும். அவை உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் சில மெஷின் ஃபைலையே மறுக்கும். சாஃப்ட்வேரில் திருத்தி மறுபடி சேமியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில சாஃப்ட்வேர் முடிவில் ஒரே ஒரு பைட் கூடுதலாகச் சேர்க்கும். நீங்கள் சரியாக 19,967இல் நிறுத்தினால் ஃபைல் 60,416க்குப் பதில் 60,417 ஆகும், அந்த ஒரு பைட்டுக்காக 119ஆவது செக்டர் மறுபடி திறக்கும். 34 குறைத்துவிடுங்கள், அந்தக் கவலை இல்லை.

நூல்கண்டு

மிக்க நன்றி இருவருக்கும். 24 டிசைனையும் மாற்றிவிட்டு எழுதுகிறேன். ஒரு கேள்வி: 23 ஏற்றிய வட்டில் மீதி இடம் எவ்வளவு? சின்ன டிசைன் ஒன்றை அதில் சேர்க்கலாமா?

பைட்கணக்கு

சேர்க்கலாம். 23 × 119 = 2737, மீதி 110 செக்டர், 56,320 பைட். அதில் 515 போக மூன்றால் வகுத்தால் 18,601 தையல் வரைக்கும் ஒரு டிசைன். 720 வட்டில் 11 போக 53 க்ளஸ்டர் மீதி, அது 17,919 தையல்.

வளவுவீடு, கானாடுகாத்தான்

ஐயா, இதே கணக்கு ஐந்தேகால் அங்குல வட்டுக்கும் பொருந்துமா? பழைய கடைக் கணக்கு 360 கேபி வட்டுகளில் இருக்கிறது, எல்லாம் டிபேஸ் (பழைய தரவுத்தள சாஃப்ட்வேர்) ஃபைல்கள். 1.2 எம்பி ட்ரைவ் ஒன்று கிடைத்திருக்கிறது. நாலு 360 சேர்ந்தால் 1440, ஆகவே ஒரு 1.44 வட்டில் நாலையும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம்.

பைட்கணக்கு

வழி ஒன்றே, எண்தான் மாறும். உங்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

360: 40 ட்ராக், 2 பக்கம், 9 செக்டர், மொத்தம் 3,68,640 பைட், கைக்கு வருவது 3,62,496, க்ளஸ்டர் 1024.
1.2: 80 ட்ராக், 2 பக்கம், 15 செக்டர், மொத்தம் 12,28,800, கைக்கு 12,13,952, க்ளஸ்டர் 512.
720: 80, 2, 9. மொத்தம் 7,37,280, கைக்கு 7,30,112, க்ளஸ்டர் 1024.
1.44: 80, 2, 18. மொத்தம் 14,74,560, கைக்கு 14,57,664, க்ளஸ்டர் 512.

ஒரு பக்க 160 (1,63,840 பைட்), 180 (1,84,320), இரு பக்க 320 (3,27,680) எல்லாம் 40 ட்ராக் வட்டுகளே, ட்ராக்குக்கு 8 அல்லது 9 செக்டர். 2.88 வட்டில் ட்ராக்குக்கு 36 செக்டர், 29,49,120 பைட். ஐபிஎம்மின் எட்டு அங்குல ஒரு பக்க வட்டு 77 × 26 × 128 = 2,56,256.

இப்போது உங்கள் நாலு வட்டு. நிரம்பிய 360 ஒன்றுக்கு 708 செக்டர். நாலுக்கு 2832. இருப்பது 2847. ஃபைல்களின் உடம்பு ஏறிவிடும், 15 செக்டர் மிஞ்சும். ஆனால் பெயர்கள்? ஒரு 360 வட்டின் ரூட்டில் 112 பதிவு வரை இருக்கலாம், நாலுக்கு 448. 1.44இன் ரூட்டில் 224தான் இடம். ஆகவே ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட வேண்டும், ஃபோல்டரும் க்ளஸ்டர் தின்னும்: பதிவுக்கு 32 பைட், ஒரு செக்டரில் 16 பதிவு. 112 ஃபைல் உள்ள ஃபோல்டருக்கு, அதன் இரு புள்ளிப் பதிவுகளும் சேர்த்து, 8 செக்டர். நாலுக்கு 32. இருந்த மீதி 15.

மறுபுறம், 1024 க்ளஸ்டரிலிருந்து 512க்கு வரும்போது பல ஃபைல்கள் ஒரு செக்டர் இளைக்கும், அதனால் நடைமுறையில் ஏறினாலும் ஏறும். எண்ணிப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. டிபேஸ் ஃபைல் ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும், வட்டுக்கு ஒரு ஜிப் என்று போட்டுவிடுங்கள். பதிவு எண்ணிக்கையும் தீர்ந்தது, இடமும் தீர்ந்தது.

இதைவிட முக்கியமானது: 1.2 ட்ரைவில் அந்த 360 வட்டுகளைப் படிக்க மட்டும் செய்யுங்கள், எழுதாதீர்கள். 360 ட்ரைவின் ட்ராக் அகலமானது, அங்குலத்துக்கு 48. 1.2இன் தலை அங்குலத்துக்கு 96 ட்ராக் போடும், பாதி அகலம். பழைய அகல ட்ராக்கின் நடுவில் மெல்லிய கோடாகப் புது எழுத்து விழும், இரு ஓரத்திலும் பழையது அப்படியே இருக்கும். மறுபடி 360 ட்ரைவில் போட்டால் அதன் அகலத் தலை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். ட்ரைவில் வைக்கும் முன் வட்டின் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள், எழுத்து தடைபடும். மூன்றரை அங்குலத்தில் இது தலைகீழ்: ஓட்டை திறந்திருந்தால்தான் எழுத முடியாது.

வளவுவீடு

நல்ல வேளை கேட்டேன். சில வட்டுகளில் மேற்பரப்பில் வெண்மையாகப் புள்ளிகள் தெரிகின்றன. போட்டுப் பார்க்கலாமா?

இமேஜ்பெட்டி, கோட்டையூர்

போடாதீங்க. அது பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் இருந்த வட்டுகளுக்கு வருவது. அப்படியே ட்ரைவில் சுற்றினால் தலையில் ஒட்டி, காந்தப் பூச்சைச் சுரண்டி, அடுத்து போடும் நல்ல வட்டையும் கீறும். நல்ல வட்டுகளை முதலில் முடித்துவிட்டு, பூஞ்சை வட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நார் உதிராத துணியால் வட்டின் திறப்பு வழியே மெதுவாகத் துடைத்து, கையால் சுழற்றி, மறுபடி துடைத்து, முழுக்கக் காய்ந்த பின்தான் ட்ரைவ். ஒவ்வொரு பூஞ்சை வட்டுக்கும் பிறகு தலையையும் துடைக்கணும்.

படிக்கும்போது ஃபைல் ஃபைலாக எடுக்காமல் முழு வட்டையும் இமேஜாக (செக்டர் செக்டராக அப்படியே ஒரே ஃபைலில் நகல்) எடுங்க. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நல்லது, படிக்காத செக்டரைக் குறித்துவைத்துக்கொண்டு பின்னால் திரும்பி முயலும். டிடி கட்டளை என்றால் ப்ளாக் அளவு 512 என்று கொடுங்க. பெரிய ப்ளாக் கொடுத்தால் ஒரு கெட்ட செக்டருக்காகப் பக்கத்து நல்ல செக்டர்களும் பூஜ்யமாகிவிடும்.

எடுத்த இமேஜின் அளவைப் பாருங்க. 360க்குச் சரியாக 3,68,640 வரணும். குறைந்தால் நடுவில் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் சரியான அளவு வந்தாலே எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, பிழை வந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் முறையில் அளவு எப்போதும் சரியாகத்தான் வரும். பிழைப் பதிவைத் தனியே படிங்க.

செக்காலை ரோடு

இன்னொரு சந்தேகம். 1.44 வட்டின் மேல் 2 எம்பி என்று அச்சிட்டிருக்கு, 720 வட்டில் 1 எம்பி. அந்த மீதி அரை எம்பி எங்கே?

பைட்கணக்கு

நல்ல கேள்வி தம்பி. அது ஃபார்மட் செய்யாத கொள்ளளவு, கணக்குப் போட்டால் அழகாக விழும். வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, ஒரு சுற்று 0.2 விநாடி. ட்ரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் விநாடிக்கு 5,00,000 பிட் எழுதும். ஒரு சுற்றில் 1,00,000 பிட், அதாவது 12,500 பைட். 160 ட்ராக்குக்கு 20,00,000 பைட். 720இல் வேகம் பாதி, அதனால் 10,00,000. இங்கே எம்பி சுத்தமான பத்து லட்சம். ஆக ஒரே மூன்றரை அங்குல வட்டின் மேல் இரண்டு விதமான எம்பி. ஐந்தேகால் 1.2 வட்டு 360 சுற்றில் ஓடும், அதே வேகத்தில் ட்ராக்குக்கு 10,416 பைட், ஏறக்குறைய 1.67 எம்பி.

12,500இல் நமக்கு வருவது 18 × 512 = 9216. மீதி 3284 பைட் செக்டரைக் கண்டுபிடிக்கச் செலவாகிறது. ட்ராக்கின் தலைப்புக்கு 146 பைட். ஒவ்வொரு செக்டருக்கும் ஒத்திசைவு, முகவரி, சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து 62 பைட். செக்டருக்கும் செக்டருக்கும் நடுவே இடைவெளி 108 பைட். 62 + 512 + 108 = 682, பதினெட்டுக்கு 12,276, அதோடு 146, ஆக 12,422. கடைசியில் 78 பைட் சும்மா கிடக்கும்.

கும்பமாக அளந்த படிக்கும் தலைதட்டிய படிக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆனால் அந்த இடைவெளி வீணில்லை. எந்த ட்ரைவும் துல்லியமாக 300இல் சுற்றாது. ஒன்றில் ஃபார்மட் செய்த வட்டை இன்னொன்றில் எழுதும்போது சற்று வேகமான ட்ரைவில் செக்டர் நீண்டு விழும், அடுத்த செக்டரின் முகவரியை மிதிக்காமல் காப்பது அந்த 108 பைட்தான். சாஃப்ட்வேர் விற்பனை வட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் 21 செக்டர் போட்டு 17,20,320 பைட் ஏற்றியது. அப்போது செக்டருக்கு 14 பைட்டுக்கு மேல் இடைவெளி கிடைக்காது. ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்க அது சரி. அன்றாடம் எழுதி அழிக்கும் டிசைன் வட்டுக்கு அந்த ஆசை வேண்டாம்.

இமேஜ்பெட்டி

ஸ்கேன் செய்பவர்களுக்காக ஒன்று. ஏ4 தாளை 300 டிபிஐயில் கருப்பு வெள்ளையாக எடுத்தால் 2480 × 3508 புள்ளி, சுருக்காமல் 10,87,480 பைட். ஒரு வட்டுக்கு ஒரு பக்கம். சாம்பல் நிறத்தில் 86,99,840 பைட், ஆறு வட்டு, அதுவும் ஆறாவதில் 46,144 பைட்தான் மீதி. வண்ணத்தில் 18 வட்டு.

ஜிபி கணக்கு கேட்பவர்களுக்கு: 100 கோடி பைட் ஜிபி என்றால் கைக்கு வரும் 14,57,664ஆல் வகுத்து 687 வட்டு. விண்டோஸ் காட்டும் 1,07,37,41,824 பைட் ஜிபி என்றால் 737 வட்டு. ஒரே 'ஜிபி' என்ற பெயருக்குள் ஐம்பது வட்டு வித்தியாசம். 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர், செக்டருக்கு 2048, ஆக 73,72,80,000 பைட். இதை 14,74,560ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 500.

பெரிய ஃபைலைத் துண்டு போட 7-ஜிப்பில் துண்டின் அளவாக 1457664 என்று கொடுக்கலாம். அந்த அளவு துண்டு ஏற வட்டு முழுக்கக் காலியாக, ஒரு கெட்ட செக்டர்கூட இல்லாமல் இருக்கணும். பழைய வட்டுக்கு 1400000 என்று கையால் கொடுப்பது நிம்மதி.

தமிழ் உரை: யூனிகோட் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'காரைக்குடி'க்கு 30 பைட், எழுத்து, உயிர்மெய்க் குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். வட்டுக்கு 4,85,888 குறியீடு.

ஊசிமுனை

தமிழ் என்றதும் நினைவு வந்தது அக்கா. வட்டில் ஃபைல் பெயரை 'மாங்காய்' என்று தமிழில் வைக்காதீர்கள். மெஷினுக்கு எட்டெழுத்து ஆங்கிலப் பெயர்தான் தெரியும். விண்டோஸ் நீண்ட பெயரைத் தனிப் பதிவாக எழுதும், 13 எழுத்துக்கு ஒரு பதிவு. மெஷின் திரையில் அடிக்கோடும் அலைக்குறியுமாக ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக நிற்கும், எது எந்த டிசைன் என்று கண்டுபிடிக்க முடியாது.

இடமும் போகும். பெயரின் முதலெழுத்து மட்டும் போடும் 2,000 தையல் டிசைன் 6,515 பைட், 13 செக்டர். செக்டர் கணக்கில் 219 ஏறும், ரூட்டின் 224 பதிவுக்குள் அடங்கும். தமிழ்ப் பெயர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதிவு, 112இல் நின்றுவிடும். வட்டுக்கும் பெயர் வைத்திருந்தால் 111. பாதி வட்டு காலியாக இருக்கும்போதே இடம் இல்லை என்று வரும், அதற்குக் காரணம் இதுதான்.

நூல்கண்டு

720 வட்டு இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. 1.44 வட்டின் அடர்த்தி ஓட்டையை (எழுத்துத் தடை ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் இருப்பது) டேப் ஒட்டி மூடி 720ஆக ஃபார்மட் செய்கிறோம். சில நாளில் படிக்க மறுக்கிறது. யூஎஸ்பி ஃப்ளாப்பி ட்ரைவில் 720 ஃபார்மட்டே ஆகவில்லை.

இமேஜ்பெட்டி

இரண்டும் எதிர்பார்த்ததே. அந்த ஓட்டைதான் இது அதிக அடர்த்தி வட்டு என்று ட்ரைவுக்குச் சொல்வது. மூடினால் ட்ரைவ் 720 முறைக்கு மாறும், ஆனால் உள்ளே இருக்கும் காந்தப் பூச்சு மாறாது. 720 வட்டின் பூச்சு ஏறக்குறைய 600 ஓர்ஸ்டெட்டுக்குச் (காந்தப் புல வலிமையின் அலகு) செய்தது, 1.44 அதைவிடக் கடினம், 700க்கு மேல். 720 முறையில் எழுதும்போது பதிவு அரைகுறையாக விழும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம், டிசைன் சேமிக்க அது இடமில்லை. டேப்பை எடுத்துவிட்டு அதே வட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஃபார்மட் செய்யாத வட்டு என்று சொல்லும், பதறி ஃபார்மட் கொடுத்துவிடாதீங்க. டேப்பை மறுபடி ஒட்டினால் படிக்கும்.

யூஎஸ்பி ட்ரைவ்களில் பல 720ஐப் படிக்கும், விண்டோஸில் ஃபார்மட் செய்ய மட்டும் மறுக்கும். மெஷினிலேயே ஃபார்மட் வசதி இருந்தால் அங்கே செய்து, கம்ப்யூட்டரில் ஃபைலை மட்டும் போடுங்க.

நிரந்தர வழி ட்ரைவைக் கழற்றிவிட்டு கோட்டெக் மாதிரி பென்ட்ரைவ் எமுலேட்டர் (பென்ட்ரைவை மெஷினுக்கு ஃப்ளாப்பியாகக் காட்டும் பெட்டி) போடுவது. 34 பின் கேபிள் அதே, மின் இணைப்பு நாலு பின் அதே. பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை: கேபிளைத் தலைகீழாகச் செருகினால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், எதுவும் நடக்காது. பழைய ட்ரைவின் எஸ்0, எஸ்1 ஜம்பர் எங்கே இருந்தது என்று படமெடுத்துவைத்து அதே மாதிரி வையுங்க. கம்ப்யூட்டர் ட்ரைவ் 34ஆம் பின்னில் 'வட்டு மாறியது' என்று சொல்லும், சில தொழில் மெஷின்கள் அதே பின்னில் 'தயார்' என்ற சைகையை எதிர்பார்க்கும். ட்ரைவ் இல்லை என்று மெஷின் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

720 மெஷினுக்கு 720 இமேஜ்தான். 1.44 இமேஜ் வைத்தால் கன்ட்ரோலரின் வேகம் ஒத்துவராது. பென்ட்ரைவ் எத்தனை ஜிபி ஆனாலும் எமுலேட்டர் திரையில் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு ஃப்ளாப்பி. மேலே அண்ணன் போட்ட 713 க்ளஸ்டர் கணக்கு அப்படியே அங்கேயும் நிற்கும்.

நூல்கண்டு

மாற்றியாயிற்று. எல்லா டிசைனும் 19,966 தையல், ஃபைல் 60,413 பைட். 1.44 வட்டில் 24ம் ஏறின. காலி இடம் 7,680 பைட் காட்டுகிறது. 720இல் 12 ஏறி 5,120 பைட் மீதி. இரண்டு மெஷினும் படிக்கின்றன. ஒரே ஒரு பழைய 1.44 வட்டில் மட்டும் மறுபடி 23தான்.

பைட்கணக்கு

7,680 என்றால் 15 செக்டர், 5,120 என்றால் 5 க்ளஸ்டர், இரண்டும் சரி. அந்த ஒரு வட்டை முழு ஃபார்மட் கொடுத்துப் பாருங்கள், விரைவு ஃபார்மட் போதாது. அது அட்டவணையை மட்டும் அழிக்கும், செக்டரைச் சோதிக்காது. முடிவில் காலி இடம் 14,57,664 வராவிட்டால் குறைவது எவ்வளவு என்று 512ஆல் வகுங்கள். உங்களுக்கு இருக்கும் விளிம்பு 15 செக்டர், ஒரு ட்ராக் போனாலே 18. அப்படியானால் அந்த வட்டைச் சின்ன டிசைன்களுக்கும் வைக்காதீர்கள். கெட்ட ட்ராக் பக்கத்து ட்ராக்கையும் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகும்.